“எடுக்க முடியாத காசை எதுக்குடா போட்ட?” - டிஜிட்டல் கேம் வாங்குறவங்க கவனத்துக்கு!

ஜாய்ஸ்டிக் டைரி - 9

போன மாசம் சாத்தூர் பக்கம் சொந்த ஊருக்குப் போயிருந்தேன். சித்தி மகன் ப்ளஸ் டூ முடித்துவிட்டு இன்ஜினீயரிங் சேரப் போகிறான். நல்ல மார்க் எடுத்ததற்குப் பரிசாக, அவன் மாமா ஒரு கேம் கன்சோல் வாங்கிக் கொடுத்திருக்கிறார். என்னிடம் இருக்கும் அதே கம்பெனி. ஒரே வித்தியாசம், அவனுடையதில் டிஸ்க் போடும் வசதி உண்டு, என்னுடையதில் கிடையாது.

பையன் வாசலிலேயே மடக்கிவிட்டான். “அண்ணே, நீ ஆடி முடிச்ச கேம் நிறைய இருக்கும்ல? அதெல்லாம் எனக்குக் குடு.”

நியாயமான கேள்விதானே? என் அக்கவுன்ட்டில் 31 கேம்கள் இருக்கின்றன. பாதிக்கு மேல் முடித்தாகிவிட்டது, திரும்ப ஆடப்போவதில்லை. ஆனால், அதில் ஒன்றைக்கூட அவனிடம் எடுத்துக் கொடுக்க முடியாது என்று சொன்னேன். காபி கொண்டுவந்த சித்தி நடுவில் புகுந்தார்.

“ஏன், பையில எடுத்து வெக்க மறந்துட்டியா?”

“இல்ல சித்தி, அது கையில இருக்காது. அக்கவுன்ட்ல இருக்கும்.”

“அப்ப பேங்க்ல கெடக்கிற மாதிரி. எடுத்துக் குடுக்க வேண்டியதுதான?”

“எடுக்க முடியாது சித்தி.”

சித்தி என்னை ஒரு பார்வை பார்த்தார். “எடுக்க முடியாத காசை எதுக்குடா போட்ட?”

கேமிங் உலகத்தில் பத்து வருடங்களாக நடக்கும் ஒரு பெரிய சண்டையை சித்தி ஒரே வரியில் முடித்துவிட்டார். இந்த வாரம் அந்தச் சண்டையைப் பற்றித்தான் பேசப்போகிறோம். கன்சோலே இல்லாதவர்களும் படிக்கலாம். இது கேமோடு நிற்கிற விஷயம் இல்லை. போனில் காசு கொடுத்து நீங்கள் ‘வாங்கும்’ படம், புத்தகம், ஆப் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

ஊதி ஊதி ஆடிய காலம்

எங்கள் தெருவில் முதலில் வந்தது ‘டிவி கேம்’. தீபாவளிக்கு ஒரு வீட்டில் வாங்குவார்கள். பொங்கல் வரை தெருவே ஆடும். அது ஜப்பானில் நிண்டெண்டோ 1983-ல் கொண்டுவந்த ஃபேமிகாம் என்ற கன்சோலின் நகல் என்பதெல்லாம் ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரியும். அப்போது தெரிந்ததெல்லாம், மஞ்சள் கலர் கேசட்டில் ‘9999 கேம்’ என்று போட்டிருக்கும், உள்ளே இருபது கேம்கூடத் தேறாது என்பதுதான். படம் வரவில்லையா? கேசட்டைக் கழற்று, உஃப் என்று ஊது, திரும்பச் சொருகு.

அந்தக் கேசட்டுக்கு ஒரு குணம் இருந்தது. ‘என்கிட்ட டாங்க் கேம் இருக்கு, உன்கிட்ட மாரியோ இருக்கு, ரெண்டு நாளைக்கு மாத்திக்கலாமா?’ என்றால் மாற்றிக்கொள்ளலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஓடிபி வராது.

அடுத்து பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கேம் சென்டர். மணிக்கு 20 ரூபாய். அங்கேதான் முதன்முதலாக பிளேஸ்டேஷன் 2-ஐப் பார்த்தேன். 2000-ல் வெளியாகி உலகம் முழுக்க 15 கோடிக்கும் மேல் விற்ற கன்சோல் அது. வேறு எந்த வீடியோ கேம் கன்சோலும் இன்றுவரை அதைவிட அதிகம் விற்றதில்லை. கடைக்கார அண்ணன் டிஸ்க்குகளை சாமி படம் மாதிரி துடைத்துத் துடைத்து வைப்பார்.

காலேஜ் முடித்து சென்னை வந்ததும் ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் விசாரித்து, ஒரு பழைய கன்சோல் வாங்கினேன். செகண்ட் ஹேண்ட்தான். அதற்கு வாங்கிய கேம்களும் செகண்ட் ஹேண்ட்தான். ஒரு டிஸ்க் பெட்டிக்குள், முன்பு வைத்திருந்தவர் எழுதிய துண்டுச்சீட்டு இருந்தது: ‘மூணாவது பாஸை நெருங்கிப் போகாதே, தூரத்திலிருந்து அடி’. முகம் தெரியாத அந்த மனிதரால்தான் அந்தக் கேமை முடித்தேன்.

பத்தாயிரம் மிச்சம் பிடித்த புத்திசாலி

வேலை நிரந்தரமானதும் புது கன்சோல் ஆசை வந்தது. ஆசை யாரை விட்டது? கடையில் இரண்டு வகை சொன்னார்கள். டிஸ்க் போடும் வசதி உள்ளது ஒரு விலை. அது இல்லாத ‘டிஜிட்டல்’ வகை, அதைவிடக் குறைந்த விலை. 2021 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் வகை 49,990 ரூபாய், டிஜிட்டல் வகை 39,990 ரூபாய். அதற்குச் சில மாதங்கள் முன்பு வந்த எக்ஸ்பாக்ஸில் டிஸ்க் உள்ள சீரிஸ் எக்ஸ் 49,990. டிஸ்க் இல்லாத, திறன் குறைந்த சீரிஸ் எஸ் 34,990. இரண்டு பக்கமும் டிஸ்க் இல்லாததற்குத்தான் விலை குறைவு.

‘யாருங்க இப்ப டிஸ்க் எல்லாம் வாங்குறா?’ என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு டிஜிட்டல் வகையை இஎம்ஐ-யில் எடுத்தேன். சுமார் பத்தாயிரம் மிச்சம்.

அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டதில்தான் உண்மை புரிந்தது. பெரிய கம்பெனியின் புது கேம் ஒன்று வெளியாகும்போது சுமார் 5,000 ரூபாய். பழைய கன்சோல் காலத்தில் அதை டிஸ்க்காக வாங்கி, வேகமாக முடித்து, ஒரு மாதத்துக்குள் விற்றால் எனக்குப் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிடும். குறைந்தது 2,500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது நாலு கேம் ஆடினால் பத்தாயிரம் கையில். டிஜிட்டலில் அந்தக் கதையே கிடையாது. முடித்த கேமை விற்க முடியாது, மாற்ற முடியாது, தம்பிக்குக் கொடுக்கவும் முடியாது. நான் மிச்சம் பிடித்ததாக நினைத்த பத்தாயிரம், நாலே கேமில் கரைந்துவிட்டது. மீதி 27 கேமுக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன்!

‘அக்கவுன்ட்டை ஷேர் பண்ணலாமே?’

கேமர் நண்பர்கள் இந்நேரம் கமென்ட் டைப் பண்ண ஆரம்பித்திருப்பீர்கள். உண்மைதான். பல கன்சோல்களில் ஒரு கன்சோலை ‘வீட்டு கன்சோல்’ என்று பதிவு செய்தால், என் அக்கவுன்ட்டில் உள்ள கேம்களை அதில் இன்னொருவரும் ஆடலாம். ஆனால், அதற்கு என் அக்கவுன்ட்டையே அந்த மெஷினில் திறந்து வைக்க வேண்டும். ஒரு கேம் தம்பிக்கு, இன்னொன்று ரூம்மேட்டுக்கு என்று பிரித்துக் கொடுக்கவும் வழியில்லை. ஒரு புத்தகம் கேட்டவனுக்கு வீட்டுச் சாவியையே கொடுப்பது போலத்தான்.

கம்பெனிகள் நினைத்தால் செய்ய முடியாததும் இல்லை. நிண்டெண்டோ 2025-ல் ‘விர்ச்சுவல் கேம் கார்டு’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. டிஜிட்டலாக வாங்கிய கேமை, உங்கள் குடும்பக் குழுவில் உள்ள ஒருவருக்கு 14 நாள்கள் இரவல் கொடுக்கலாம். தவணை முடிந்ததும் தானாகத் திரும்பி வந்துவிடும். நம்ம ஊர் நூலகம் மாதிரி. இது முழுத் தீர்வு இல்லை. விற்கவோ, நிரந்தரமாகக் கொடுக்கவோ இதிலும் முடியாது. ஆனால், ‘டெக்னிக்கலா முடியாது’ என்ற சாக்கு இனிமேல் செல்லாது.

2013-ல் கேமர்கள் ஜெயித்த சண்டை

இந்தச் சண்டையின் முதல் பெரிய ரவுண்டு 2013-ல் நடந்தது. மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலை அறிவித்தபோது இரண்டு நிபந்தனைகளைச் சொன்னது. கன்சோல் 24 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது இன்டர்நெட்டில் இணைந்து சரிபார்க்க வேண்டும். பழைய டிஸ்க்கை அடுத்தவருக்கு விற்பதிலும் கொடுப்பதிலும் கட்டுப்பாடு இருக்கும்.

கேமர்கள் கொதித்துப்போனார்கள். சோனி சும்மா இருக்குமா? ‘பிளேஸ்டேஷன் 4-ல் கேமைப் பகிர்வது எப்படி?’ என்று அரை நிமிஷம்கூட இல்லாத ஒரு வீடியோ போட்டது. ஒருவர் டிஸ்க்கை நீட்டுகிறார், இன்னொருவர் ‘தேங்க்ஸ்’ என்று வாங்கிக்கொள்கிறார். அவ்வளவுதான் வீடியோ! விலையும் எக்ஸ்பாக்ஸ் 499 டாலர், பிளேஸ்டேஷன் 399 டாலர். கடைசியில் 2013 ஜூன் 19 அன்று மைக்ரோசாஃப்ட் அந்த நிபந்தனைகளை வாபஸ் வாங்கியது.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தோம். ஆனால், கதவு வழியாக வர முடியாதது ஜன்னல் வழியாக வந்தது. 2019-ல் டிஸ்க் இல்லாத எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ். 2020-ல் டிஸ்க் இல்லாத பிளேஸ்டேஷன் 5. அன்று அந்த வீடியோ போட்ட அதே சோனி, 2024 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5 ப்ரோவை 699 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் டிஸ்க் டிரைவ் கிடையாது. வேண்டுமென்றால் தனியாகக் காசு கொடுத்து வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். யாரும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. விலையைக் குறைத்தும், வசதியைக் காட்டியும், நாமே டிஸ்க்கைக் கைவிடும்படி செய்துவிட்டார்கள். நானே சாட்சி.

‘வாங்கு’ன்னா என்ன அர்த்தம்?

டிஜிட்டல் கேமுக்குக் காசு கட்டும்போது பட்டனில் ‘பை’ என்றுதான் போட்டிருக்கும். ஆனால், நாம் படிக்காமலேயே ‘ஓகே’ கொடுக்கும் நிபந்தனைகளில், உங்களுக்குக் கிடைப்பது கேம் இல்லை. அதை ஆடுவதற்கான லைசென்ஸ் மட்டும்தான் என்று எழுதியிருப்பார்கள். கிட்டத்தட்ட வாடகை வீடு மாதிரி. அட்வான்ஸ் முழுசாகக் கொடுத்தாச்சு. காலி பண்ணச் சொல்லும் உரிமை ஓனர்கிட்டயே இருக்கு.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. யுபிசாஃப்ட் நிறுவனத்தின் ‘தி க்ரூ’ என்ற கார் ரேஸ் கேம் 2014-ல் வந்தது. ஆன்லைன் இல்லாமல் ஓடாது. 2024 மார்ச் கடைசியில் அதன் சர்வரை நிறுத்தினார்கள். பிறகு, வாங்கியவர்களின் அக்கவுன்ட்டிலிருந்து லைசென்ஸையும் எடுத்துவிட்டார்கள். டிஸ்க் வைத்திருந்தவர்களாலும் ஆட முடியவில்லை.

அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம். ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் 2024-ல் தொடங்கினார். கேட்பது ஒன்றுதான்: ‘ஆதரவை நிறுத்துங்கள், பரவாயில்லை. ஆனால், காசு கொடுத்தவன் ஆடுகிற நிலையில் விட்டுவிட்டுப் போங்கள்.’ ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த மனுவுக்கு 2025-ல் 10 லட்சத்தைத் தாண்டிக் கையெழுத்துகள் விழுந்தன.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணம் இன்னொரு வழியில் போனது. 2025 ஜனவரி 1 முதல் அங்கே ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. நிரந்தரமாகச் சொந்தமாகாத டிஜிட்டல் பொருளுக்கு, அது லைசென்ஸ் மட்டுமே என்று தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்ற வார்த்தையைக் கடைகள் பயன்படுத்தக் கூடாது. கேமைக் காப்பாற்றும் சட்டம் இல்லை இது. வார்த்தையைக் காப்பாற்றும் சட்டம். ஆனாலும், காசு கட்டுவதற்கு முன் உண்மை தெரிவது பெரிய விஷயம்தான்.

கடைகளே மூடப்படுவது இன்னொரு தலைவலி. நிண்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யூ கன்சோல்களுக்கான ஆன்லைன் கடையில் விற்பனையை 2023 மார்ச்சில் நிறுத்தியது. எக்ஸ்பாக்ஸ் 360-ன் கடை 2024 ஜூலையில் மூடியது. டிஜிட்டலாக மட்டும் வெளிவந்து, வேறு கன்சோலுக்கும் வராத கேம் என்றால், புதிதாக ஒருவர் நேர்மையான வழியில் வாங்கவே முடியாது. அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்த நாட்டில் 2010-க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவிகிதம் இன்று விற்பனையிலேயே இல்லை.

அந்த 11 நாள்கள்

எனக்கே ஒரு தடவை பல்பு கிடைத்தது. எந்த கம்பெனி என்பது வேண்டாம். போன் நம்பரை மாற்றினேன். கேம் அக்கவுன்ட்டில் மாற்ற மறந்துவிட்டேன். ஒருநாள் கன்சோல் திடீரென்று லாக் அவுட் ஆகி, திரும்ப நுழைய ஓடிபி கேட்டது. ஓடிபி பழைய நம்பருக்குப் போனது. அந்த நம்பர் இப்போது யாரிடம் இருக்கிறதோ!

மெயில் அனுப்பினேன். ‘நீங்கள்தான் நீங்கள் என்பதற்கு ஆதாரம் கொடுங்கள்’ என்றார்கள். பழைய பில், கன்சோலின் சீரியல் நம்பர், முதலில் வாங்கிய கேமின் தேதி... 11 நாள்கள் அலைந்த பிறகு திறந்துவிட்டார்கள். தவறு என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால், அந்த 11 நாளும் டிவிக்குக் கீழே நாற்பதாயிரம் ரூபாய் மெஷின் ஒன்று, ஒரு கேம்கூட ஆட முடியாமல், பச்சைக் குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தது. டிஸ்க் டிரைவ் இருந்திருந்தால் ஒரு பழைய டிஸ்க்கையாவது போட்டிருப்பேன்.

டிஸ்க்கும் உத்தமன் இல்லை!

இதையெல்லாம் படித்துவிட்டு ‘டிஸ்க் வாங்கினால் தப்பித்தோம்’ என்று நினைக்க வேண்டாம். 2024 ஆகஸ்ட்டில் சோனி ‘கான்கார்ட்’ என்ற ஆன்லைன் கேமை வெளியிட்டது. ஆட ஆள் வரவில்லை. இரண்டே வாரத்தில் மூடி, காசைத் திருப்பிக் கொடுத்தது. அதன் டிஸ்க் வைத்திருப்பவர்கள் அதை டீ டம்ளருக்கு அடியில்தான் வைக்க முடியும்.

2025 ஜூனில் வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் 2-ல் சில கேம்கள் ‘கேம்-கீ கார்டு’ என்ற வடிவில் வருகின்றன. பார்க்க கேசட் மாதிரிதான் இருக்கும். ஆனால், உள்ளே கேம் இருக்காது, சாவி மட்டும்தான். முழுக் கேமையும் இன்டர்நெட்டில் டவுன்லோடு செய்ய வேண்டும். ஒரே ஆறுதல், அந்தக் கார்டை அடுத்தவருக்குக் கொடுக்கலாம், விற்கலாம்.

டிஜிட்டலிலும் நல்லது இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். சாத்தூரில் கேம் டிஸ்க் விற்கும் கடையை நான் பார்த்ததில்லை. டிஜிட்டல் என்றால் அங்கே இருப்பவருக்கும் ரிலீஸ் அன்றே கேம் கிடைக்கும். கீறல் விழாது, தொலையாது. ஆஃபர் காலத்தில் பழைய கேம்கள் நூற்றுக்கணக்கான ரூபாய்க்கே கிடைக்கும். டிஸ்க் அச்சடிக்கக் காசு இல்லாத சின்னச் சின்ன டீம்கள் உலகம் முழுக்க விற்க முடிவதும் டிஜிட்டலால்தான். நான் ரசித்து ஆடிய பல கேம்கள் டிஸ்க்கில் வந்ததே இல்லை.

ஆக, எனக்கு டிஜிட்டலோடு சண்டை இல்லை. முழுக் காசையும் வாங்கிக்கொண்டு பாதி உரிமையைக் கொடுப்பதோடுதான் சண்டை.

பிள்ளைக்கு கன்சோல் வாங்கும் முன்...

பெற்றோர்கள் இந்த ஐந்தையும் கேட்டுவிட்டு பில் போடுங்கள்.

1. டிஸ்க் டிரைவ் இருக்கிறதா? இல்லையென்றால், பிறகு வாங்கி மாட்ட முடியுமா? சில மாடல்களில் முடியும், சிலவற்றில் முடியவே முடியாது.

2. வருஷத்துக்கு எத்தனை கேம்? ஒன்றிரண்டு இலவச ஆன்லைன் கேம் மட்டும் ஆடும் பிள்ளை என்றால் டிஜிட்டல் வகையே போதும். பெரிய புது கேம்கள் வாங்கும் பிள்ளை என்றால், டிஸ்க் வகையின் கூடுதல் விலை சீக்கிரம் திரும்பி வந்துவிடும்.

3. வீட்டில் என்ன இன்டர்நெட்? இன்றைய பெரிய கேம்கள் சில 100 ஜிபியைத் தாண்டுகின்றன. தினமும் 2 ஜிபி தரும் மொபைல் பிளானில் 100 ஜிபி இறங்க 50 நாள் ஆகும். அதுவும் வீட்டில் வேறு யாரும் ஒரு ரீல்ஸ்கூடப் பார்க்காமல் இருந்தால்!

4. அக்கவுன்ட் யார் பெயரில்? பிள்ளையின் நண்பன் மெயிலிலோ, கடைக்காரர் நம்பரிலோ ஆரம்பிக்க வேண்டாம். பெற்றோரின் மெயில், மாறாத போன் நம்பர், குழந்தைக்குத் தனி சப்-அக்கவுன்ட், செலவுக்கு வரம்பு. பில்லையும் சீரியல் நம்பரையும் போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள்.

5. நெட் இல்லாமல் ஓடுமா? கேமுக்குக் காசு கட்டும் முன் அந்தப் பக்கத்திலேயே ‘ஆன்லைன் கட்டாயம்’ என்று போட்டிருக்கிறதா பாருங்கள். போட்டிருந்தால், அது சர்வர் ஓடும்வரைதான் உங்களுடையது.

பரணில் இருந்த ஏழு டிஸ்க்

மறுபடியும் சாத்தூருக்கு வருவோம். சித்தி கேட்ட கேள்வி மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. மறுநாள் காலையில் எங்கள் வீட்டுப் பரணில் ஏறினேன். நான் புது கன்சோல் வாங்கியபோது, பழையதை விற்றுவிட்டு, ‘இதையெல்லாம் யார் வாங்குவா’ என்று டிஸ்க்குகளை மட்டும் அட்டைப் பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். பாட்டியின் பித்தளைச் செம்புக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது பெட்டி. உள்ளே ஏழு டிஸ்க்.

பழைய கன்சோலின் டிஸ்க்குகள் தம்பியின் புது கன்சோலிலும் ஓடும். ஓடின. ஏழில் ஆறு ஓடின, ஒன்றில் கீறல். அந்த மூணாவது பாஸ் துண்டுச்சீட்டு இருந்த பெட்டியைத் திறந்தவன், “அண்ணே, இது யார் எழுதினது?” என்றான். தெரியாது என்றேன்.

ராத்திரி பஸ் ஏறும்போது, பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் வரை வந்தான். ரொம்ப நேரம் யோசித்துவிட்டுக் கேட்டான்.

“அண்ணே, ஆடி முடிச்சிட்டு என் ஃப்ரெண்டுக்குக் குடுத்தா கோச்சுக்குவியா?”

“அது இப்ப உன்னோடதுடா. என்ன வேணா பண்ணு” என்றேன்.

என்னுடைய 31 கேமில் ஒன்றைப் பற்றிக்கூட இப்படி என்னால் சொல்ல முடியாது.

*(உங்கள் வீட்டுப் பரணில் என்ன கேசட், என்ன டிஸ்க் கிடக்கிறது? எழுதி அனுப்புங்கள். அடுத்த வாரம்: பழைய கன்சோல் வாங்கப் போகிறீர்களா? கடையிலேயே பத்து நிமிஷத்தில் செக் பண்ணுவது எப்படி?)*